அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் நடத்தும் சிறுகடைகள்: ஆகஸ்ட்டில் ஒரு ஆர்டர் கொடுத்தால் போதுமா?

#1 தென்மேற்குவாசி (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா அடுத்த மாதம். 120 பேருக்கு மதியச் சாப்பாடு. வழக்கமாக வடக்குப் புறநகர் ஆல்ஃபரெட்டா பக்கம் நம்ம ஊர் ஓட்டலில் மொத்தமாகச் சொல்லிவிடுவோம். இந்த முறை பாதியை மட்டும் தென்மேற்கு அட்லாண்டாவில் ஒரு கறுப்பின அம்மா நடத்தும் சமையற்கடையில் சொல்லலாமே என்று குழுவில் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். நான்கு பேர் "எதற்கு?" என்றார்கள். அந்த எதற்குக்கு வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்த இழை.

இந்த அம்மாவை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஆகஸ்ட் மாதம். 2004லிருந்து அமெரிக்காவில் ஆகஸ்ட்டைக் கறுப்பினத்தவர் தொழில் மாதமாகக் கொண்டாடுகிறார்கள். என் அலுவலகத்திலும் கொண்டாடினோம். பேனர் கட்டி, இந்த அம்மாவிடம் மதியச் சாப்பாடு சொல்லி, படம் எடுத்து, சமூக வலைத்தளத்தில் போட்டார்கள். ஆர்டர் கொடுத்தது நான். சாப்பாடு அரை மணி நேரத்தில் காலி. பில் 1,860 டாலர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பணம் கொடுக்க முதலில் அவர் எங்கள் கம்பெனியில் சப்ளையராகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். வரிப் படிவம் கேட்டார்கள். பத்து லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். எல்லாம் கொடுத்த பிறகு, எங்கள் விதிப்படி 60 நாள் கழித்துத்தான் பணம் என்றார்கள். கடைசியில் வந்து சேர்ந்தது 94ஆம் நாள். கோழிக்கும் எண்ணெய்க்கும் அந்த அம்மா அன்றே காசு கொடுத்தவர். உதவிக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் அன்று சாயங்காலமே கூலி கொடுத்தவர், கிரெடிட் கார்டில் எடுத்து.

என்னை மூன்று முறை கூப்பிட்டார். ஒரு முறைகூடக் குரல் உயரவில்லை. இந்த ஊர்ப் பெரியம்மாக்கள் எல்லாரையும் "பேபி" என்றுதான் கூப்பிடுவார்கள். "பேபி, எந்தத் தேதியில் வரும்னு மட்டும் சொல்லு, கறிக்கடைக்காரருக்கு நான் ஒரு தேதி சொல்லணும்" என்றார். என்னிடம் சொல்ல ஒரு தேதி இல்லை.

எங்கள் பேனரும் படமும் அவருக்கு மூன்று மாத வட்டியைத்தான் கொடுத்தன. இந்த முறை நம் விழாவில் அதைச் சரியாகச் செய்ய ஆசை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 காவிரிக்கரை

நண்பரே, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் குழுவில் "எதற்கு" என்று கேட்ட நான்கு பேரில் நானும் ஒருவன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். சாப்பாடு வாங்கும்போது ருசி, சுத்தம், விலை, நேரத்துக்கு வருமா என்று பார்ப்பேன். கடைக்காரர் என்ன நிறம் என்று பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு யாராவது "இந்தியன் கடைக்குப் போகாதே" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? ஆளைப் பார்த்து வாங்காதே என்பதும் ஆளைப் பார்த்து வாங்கு என்பதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை இல்லையா? கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#3 செம்பருத்தி

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன இருக்கும் அண்ணா? எங்கள் வீட்டில் நான்கு பேரும் சைவம்.

#4 தென்மேற்குவாசி

செம்பருத்தி, நல்ல கேள்வி. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கொலார்ட் கீரையை இங்கே வழக்கமாகப் புகைபோட்ட வான்கோழி அல்லது பன்றித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். இறைச்சி இல்லாமல் செய்யச் சொன்னால் செய்து தருகிறார். சோள ரொட்டியில் முட்டை இருக்கும். பாகில் வேகவைத்த சர்க்கரைவள்ளி, பொரித்த வெண்டைக்காய், காராமணி மூன்றும் தாராளமாகச் சாப்பிடலாம். காராமணி நம்முடையது என்றே நினைத்திருந்தேன். அது ஆப்பிரிக்கப் பயறு, அடிமைக் கப்பல்களோடு இந்தக் கரைக்கு வந்தது. அந்த அம்மா வைக்கும் காராமணியில் தேங்காயும் கறிவேப்பிலையும் இல்லை, மற்றபடி எங்கள் அத்தை வைப்பது மாதிரியேதான் இருந்தது.

காவிரிக்கரை சாருக்கு நானே பதில் சொல்வதைவிட, டிராம்பெட்டி சொன்னால் நன்றாக இருக்கும். அவர் பழைய கறுப்பினக் கடைத்தெருவான ஆபர்ன் அவென்யூ பக்கம் வேலை பார்க்கிறார்.

#5 டிராம்பெட்டி

கூப்பிட்டதற்கு நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை ஐயா, கயிற்றின் இரண்டு முனை என்று சொன்னீர்கள். அந்தக் கயிறு இந்த ஊரில் எப்படித் திரிக்கப்பட்டது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

1906 செப்டம்பர். வெள்ளைக்காரப் பெண்களைக் கறுப்பர்கள் தாக்கினார்கள் என்று ஆதாரமில்லாத செய்திகளை அட்லாண்டா பத்திரிகைகள் அடுக்கடுக்காகப் போட்டன. ஆயிரக்கணக்கான வெள்ளையர் நகர மையத்தில் இறங்கினார்கள். கறுப்பர்கள் குறைந்தது 25 பேர் கொல்லப்பட்டார்கள். கும்பல் குறிவைத்த இடங்களில் முடிதிருத்தும் கடைகளும் உண்டு. பிழைத்துக்கொண்ட வணிகர்கள் பலர் நகர மையத்தை விட்டு, கிழக்கே ஆபர்ன் அவென்யூவுக்கு வந்து சேர்ந்தார்கள். இனத்தைப் பிரித்து வைக்கும் சட்டங்களும் இறுகிக்கொண்டே வந்தன. வேறு தெருவில் கடை போடுவது கடினமாகிக்கொண்டே போனது. அப்படி உருவான கடைத்தெரு அது.

அலோன்சோ ஹெர்ன்டன் என்ற மனிதரைச் சொல்ல வேண்டும். 1858இல் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தக் கற்றுக்கொண்டு, பீச்ட்ரீ தெருவில் சரவிளக்கு தொங்கும் பெரிய கடை வைத்தார். அந்தக் கடையில் வேலை செய்தவர்கள் கறுப்பர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வெள்ளையர் மட்டும். தன் சொந்தக் கடையில் தன் இனத்து ஆள் ஒருவருக்கு முடி வெட்ட முடியாத நிலை! 1905இல் நொடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் காப்பீட்டுச் சங்கத்தை 140 டாலருக்கு வாங்கினார். பிற்காலத்தில் அதுதான் அட்லாண்டா லைஃப். சாவுச் செலவுக்கும் நோய்க்கும் வாராவாரம் சில்லறை கட்டிய ஏழைகளின் காசில் வளர்ந்த நிறுவனம்.

1921இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி வந்தது. வெள்ளையர் வங்கிகள் வீட்டுக்கடன் கொடுக்காத குடும்பங்களுக்குக் கொடுத்தது. 1928இல் அட்லாண்டா டெய்லி வேர்ல்ட் பத்திரிகை. 1956இல் ஃபார்ச்சூன் இதழ், உலகத்திலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு இதுதான் என்று எழுதியது. ஸ்வீட் ஆபர்ன் என்று பெயர்.

அப்புறம் நெடுஞ்சாலை வந்தது. நாம் எல்லாரும் தினம் திட்டிக்கொண்டே ஓட்டுகிறோமே, 75ஆம் 85ஆம் ஒன்றாகப் போகும் அந்த டவுன்டவுன் கனெக்டர், அது அந்தத் தெருவின் குறுக்கே போகிறது. 1950களிலும் 60களிலும் கட்டினார்கள். நான் மதியம் நடந்து போகும்போது அந்தப் பாலத்துக்கு அடியில் நின்று பார்ப்பேன். தலைக்கு மேலே லாரிச் சத்தம், இந்தப் பக்கம் பாதித் தெரு, அந்தப் பக்கம் பாதித் தெரு. நடுவில் இருந்த வீடுகளும் கடைகளும் போய்விட்டன. சாப்பிட வருகிறவனும் முடிவெட்ட வருகிறவனும் குடியிருந்த வீடுகள் இடிந்தால் கடை எப்படி நிற்கும்?

எட்ஜ்வுட் அவென்யூவில் இருக்கும் கர்ப் மார்க்கெட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கட்டடம் 1924இல் வந்தது. கர்ப் என்றால் நடைபாதை ஓரம். உள்ளே வெள்ளையர் கடை. கறுப்பின வியாபாரிகள் வெளியே தெருவோரத்தில்தான் விற்கலாம். பெயர் அதிலிருந்துதான் வந்தது. இன்று உள்ளே கறுப்பினத்தவர் கடைகள் இருக்கின்றன. பேச்சில் மட்டும் அந்தப் பெயர் நிற்கிறது.

ஆகவே ஐயா, நிறம் பார்த்து வாங்கும் பழக்கத்தைத் தென்மேற்குவாசி புதிதாகக் கொண்டுவரவில்லை. இந்த ஊர் நூறு வருஷம் நிறம் பார்த்துத்தான் விற்றது, கடன் கொடுத்தது, சாலை போட்டது.

#6 காவிரிக்கரை

டிராம்பெட்டி, மனசைப் பிசைந்துவிட்டது. அந்தப் பாலத்துக்கு மேலே பதினான்கு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், அடியில் என்ன இருந்தது என்று தெரியாது.

ஆனாலும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. அந்தச் சட்டங்கள் போய் அறுபது வருஷம் ஆகிறது. மேயர்கள் கறுப்பினத்தவர். ஊர் மக்களில் ஏறத்தாழ பாதி அவர்கள். கையில் ஒன்றும் இல்லாமல் வந்த குஜராத்திகள் மோட்டல் வாங்கி முன்னேறினார்கள். இன்றைக்கும் என்ன தடை?

#7 கணக்குப்பிள்ளை

சார், நான் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். என் வாடிக்கையாளரில் நம்மவரும் உண்டு, கறுப்பினத்தவரும் உண்டு. இரண்டு பேர் கணக்குப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை.

குஜராத்தி மோட்டல் பற்றிச் சொன்னீர்கள். முதல் மோட்டலுக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மாமா கொடுத்தார், சித்தப்பா கொடுத்தார் என்பார்கள். கைமாற்று. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. கறுப்பினக் குடும்பத்தில் அந்த மாமாவுக்கு 1950இல் வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது. வீடு இல்லாததால் அடமானம் வைக்க ஒன்றும் இல்லை. பேரனுக்குக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. தடை என்று போர்டு மாட்டிய தடை கிடையாது இன்று. தொழில் தொடங்கும் அன்று கையில் இருக்கும் தொகைதான் வித்தியாசம்.

அரசாங்கக் கணக்கே சொல்கிறது. 2012 கணக்கெடுப்பில் கறுப்பினத்தவர் தொழில்கள் சுமார் 25.8 லட்சம். அதில் சம்பளத்துக்கு ஆள் வைத்தவை 1.09 லட்சம்தான். மற்றதெல்லாம் ஒற்றை ஆள் தொழில். 2021இல் ஆள் வைத்த தொழில்கள் 1,61,031 ஆக உயர்ந்தன. நல்ல வளர்ச்சிதான், ஆனாலும் அந்த வருஷம் நாட்டில் ஆள் வைத்து நடந்த தொழில்களில் அது நூற்றுக்கு மூன்றுகூட இருக்கவில்லை. மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 14 சதவீதம்.

2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, இதை நேரில் பார்த்தேன். சம்பளப் பாதுகாப்புக் கடன் என்று அரசாங்கம் 349 பில்லியன் டாலர் ஒதுக்கியது, 13 நாளில் தீர்ந்துவிட்டது. பணத்தை வங்கிகள் மூலமாகக் கொடுத்தார்கள். வங்கிகள் ஏற்கெனவே கடன் வாங்கியிருந்த வாடிக்கையாளரை முதலில் கவனித்தன. என்னிடம் கணக்கு எழுதும் ஒரு தையல்கடை அம்மாவுக்கு வங்கியில் இருந்தது ஒரு சாதாரணக் கணக்கு மட்டும். மேலாளர் பெயர்கூடத் தெரியாது. விண்ணப்பம் போட்டு உட்கார்ந்தே இருந்தார். அந்தப் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் நாடு முழுக்கத் தொழில் நடத்திக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் எண்ணிக்கை 41 சதவீதம் விழுந்தது. 11 லட்சத்திலிருந்து 6.4 லட்சம்.

இன்னொன்று, இது நம்மைப் பற்றியது. கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களில் பின்தங்கிய சிறுதொழில்களுக்கு என்று 8(ஏ) திட்டம் இருக்கிறது. கறுப்பினத்தவர் போராடிப் பெற்ற உரிமைகளின் தொடர்ச்சியாக வந்த திட்டம். 1982இல் இந்தியர்கள் மனுக் கொடுத்து, தெற்காசிய வம்சாவளியினரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். அதை வைத்து வளர்ந்த இந்திய ஐடி கம்பெனிகளை நான் அறிவேன். 2023இல் டென்னசியில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், இனத்தை மட்டும் வைத்துப் பின்தங்கியவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லும்வரை அது நமக்கும் கதவைத் திறந்துவிட்டது. நாம் இந்த நாட்டுக்கு வர வழிவிட்ட 1965 குடியேற்றச் சட்டமும் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் வந்ததுதான். அவர்கள் வெட்டிய கிணற்றில் நாமும் தண்ணீர் குடித்திருக்கிறோம்.

#8 மாவுக்கடை

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வாடகைக்குச் சமையற்கூடம் எடுத்து, மணிக்கணக்கில் காசு கட்டி அரைக்கிறேன். அங்கே பாதிப் பேர் கறுப்பினப் பெண்கள்.

என் அலமாரிக்கு அடுத்த அலமாரி ஒரு கேக் அக்காவுடையது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவார், பகலில் ஆஸ்பத்திரியில் வேலை. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைக்காமல் தோலோடு சுட்டு, கையால் நார் எடுப்பார். ஒரு நார் விடமாட்டார். பை (pie) என்ற இனிப்புப் பண்டத்துக்கான மாவில் வெண்ணெயைப் பட்டாணி அளவுக்கு மேல் உதிர்க்க மாட்டார். ஒரு பை 28 டாலர். நம்மவர் ஒருவர் என் மூலமாக வாங்க வந்து, "சூப்பர் மார்க்கெட்டில் எட்டு டாலர்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. ராத்திரி இரண்டு மணி வரை நின்ற கால் அது.

எனக்கு முதன்முதலில் காப்பீட்டுச் சான்று வாங்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். சந்தையில் கடை போட யாரைக் கேட்க வேண்டும், கார்டு மெஷின் எது குறைவாகப் பிடிக்கும், எல்லாம் அவர் சொன்னது. நான் எந்த இனம் என்று பார்த்தா சொல்லிக்கொடுத்தார்?

#9 செம்பருத்தி

மாவுக்கடை அக்கா, அந்தக் கேக் அக்காவின் ஆர்டர் எண்ணைத் தனியாக அனுப்புங்கள்.

#10 வடக்குவாசல்

ஒரு நடைமுறைச் சந்தேகம். எது கறுப்பினத்தவர் கடை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே பார்த்து ஆளை எடைபோடுவது அசிங்கமாக இருக்கிறது. அப்புறம், இப்படிச் செய்வதே சட்டவிரோதம் என்று யாரோ வழக்குப் போட்டதாகக் கேள்விப்பட்டேனே?

#11 டிராம்பெட்டி

எடைபோட வேண்டாம். 2020 ஜூலையில் கூகுள் வரைபடத்தில் கடைக்காரரே "கறுப்பினத்தவர் கடை" என்று அடையாளம் போட்டுக்கொள்ளும் வசதி வந்தது. அவர் விரும்பினால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. காசல்பெரி ஹில்லில் ரசல் தொழில்முனைவோர் மையம் இருக்கிறது. பூச்சுவேலைக்காரர் மகனாகப் பிறந்து பெரிய கட்டுமான நிறுவனத்தை நடத்திய ஹெர்மன் ரசல் பெயரில். அங்கே வளரும் தொழில்களைத் தேடலாம். சாப்பிட வேண்டுமென்றால், 1947லிருந்து நடக்கும் பிஸி பீ கஃபே. 2022இல், உணவகங்களுக்கு விருது கொடுக்கும் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பின் அமெரிக்காஸ் கிளாசிக்ஸ் விருது வாங்கியது. அதே 1947இல் அண்ணன் தம்பி இரண்டு பேர் தொடங்கிய பாஸ்கல்ஸ். மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் கூடிப் பேசிய இடம்.

வழக்கு நடந்தது உண்மை, நம் ஊரில்தான். ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற அட்லாண்டா முதலீட்டு நிறுவனம் கறுப்பினப் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 20,000 டாலர் மானியப் போட்டி வைத்தது. 2023 ஆகஸ்ட்டில் வழக்கு. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகச் சொன்னது. செப்டம்பரில் சமரசம், மானியத்தை நிறுத்தினார்கள். வழக்குக்கு ஆதாரமாகக் காட்டிய சட்டம் எது தெரியுமா? 1866ஆம் வருஷச் சட்டம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் வெள்ளையருக்குச் சமமாக ஒப்பந்தம் செய்துகொள்ள உரிமை கொடுக்க எழுதிய சட்டம். அதை வைத்தே அவர்களின் பேத்திமாருக்குப் போன பணத்தை நிறுத்தினார்கள். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது ஒரு இனத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போட்ட போட்டி பற்றிய வழக்கு. நம் விழாவுக்கு நாம் யாரிடம் சாப்பாடு வாங்குகிறோம் என்பது வேறு விஷயம்.

#12 கணக்குப்பிள்ளை

சட்டத்தின் பக்கம் கதவு சாத்திக்கொண்டே வருகிறது. 1989இலேயே உச்ச நீதிமன்றம், ரிச்மண்ட் நகரம் தன் ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்கு வைத்திருந்த 30 சதவீத ஒதுக்கீட்டை ரத்து செய்தது. மேனார்ட் ஜாக்சன் அதற்கெல்லாம் முன்னாலே செய்துவிட்டார். 1974இல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகப் பதவி ஏற்றபோது நகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. புதிய விமான நிலையக் கட்டடத்தில் 25 சதவீதம் வேண்டும் என்று நின்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. பங்கு இல்லையென்றால் ஓடுபாதையில் புல் முளைத்தாலும் பரவாயில்லை என்றார். 1980இல் கட்டடம் திறந்தது. நாம் சென்னையிலிருந்து வந்து இறங்கும் விமான நிலையம் அப்படி வளர்ந்ததுதான்.

இப்போது நகரங்கள் அப்படிச் செய்வது கடினம். அதனால் வாடிக்கையாளரின் பங்கு கூடுகிறது. என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்: சின்னக் கடையை மூடவைப்பது நஷ்டம் இல்லை, தாமதம். கணக்கில் லாபம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. பாதி முன்பணம், மீதி அன்றே. இது இரண்டும் செய்தால் பேனரே வேண்டாம். பிறகு வருஷத்துக்கு மூன்று ஆர்டராவது. ஒரு ஆர்டரை நம்பி யாரும் ஆள் வைக்க முடியாது.

#13 வடக்குவாசல்

விமர்சனமும் எழுதலாம். "நல்லா இருந்துச்சு" என்று விடாமல், என்ன சாப்பிட்டோம், எத்தனை பேருக்கு, நேரத்துக்கு வந்ததா என்று எழுதினால் அடுத்த ஆர்டர் வரும். என் மைத்துனர் கடைக்கு அப்படித்தான் கூட்டம் சேர்ந்தது.

#14 காவிரிக்கரை

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நேற்று சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பாலத்துக்கு அடியில் நடந்தும் பார்த்தேன்.

என் கருத்தில் ஒரு பகுதி மாறவில்லை. சாப்பாடு நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன், யார் கடையாக இருந்தாலும். பாவம் பார்த்து வாங்கினால் அது அந்த அம்மாவுக்கும் மரியாதை இல்லை. ஆனால் நான் இதுவரை ருசி பார்த்து, விலை பார்த்து ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டிருந்த கடைகளில் ஒன்றைக்கூட நான் ருசி பார்த்ததே இல்லை. ஐ-20 நெடுஞ்சாலைக்குத் தெற்கே சாப்பிடப் போனதே கிடையாது. அதை ஒப்புக்கொள்கிறேன். என் ஓட்டை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

#15 தென்மேற்குவாசி

சார், மனசார நன்றி. பாவம் பார்க்க வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். அந்த அம்மாவும் அதையேதான் சொல்வார்.

இன்று காலை நேரில் போய்ப் பேசிவிட்டேன். 60 பேருக்கு: கோழி, இறைச்சி இல்லாத கொலார்ட் கீரை, காராமணி, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளி. சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி எண்ணெய். தலைக்கு 16 டாலர் சொன்னார், பேரம் பேசவில்லை. மொத்தம் 960. பாதி 480ஐப் பொருளாளர் அங்கேயே நின்று அனுப்பினார், அந்த அம்மாவின் போனில் மணி அடித்தது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரமா?" என்றார். மீதிக்குக் காசோலை இப்போதே எழுதி உறையில் இருக்கிறது, பாத்திரம் இறங்கியதும் கையில் கொடுத்துவிடுவோம். நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் தேதி கேட்டார். குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை 9:30க்கு அங்கே போய் எடுக்க வேண்டும். பெரிய வண்டி இரண்டு தேவை.

#16 காவிரிக்கரை

என் வண்டி ஒன்று. எட்டரைக்கே வந்துவிடுகிறேன், விலாசம் அனுப்புங்கள்.

#17 மாவுக்கடை

இரண்டாவது வண்டி என்னுடையது. கேக் அக்காவிடம் பை ஆறு சொல்லியிருக்கிறேன், அதையும் வழியில் எடுத்துக்கொள்கிறேன். முழுப்பணமும் கொடுத்தாயிற்று.